குமிழி வந்துகொண்டே இருக்க வேண்டும்

“ஏழாம் மாசப் பிள்ளை பிழைக்கும், எட்டாம் மாசப் பிள்ளை தங்காது.” மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கம் நான் வளர்ந்த ரப்பர் தோட்டத்து லயத்தில் இதைச் சொல்லாத கிழவி இல்லை. தமிழ்நாட்டிலும் இதே பேச்சுதான். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்திய கிரேக்க மருத்துவ நூல்களிலும் இந்த நம்பிக்கை இருக்கிறது என்று பின்னாளில் படித்தபோது எனக்குப் பெரிய வியப்பு. கடல் கடந்தும் காலம் கடந்தும் ஒரு பொய் இப்படி நிலைத்திருக்கிறதே! பொய் என்று இத்தனை உறுதியாகச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியின் பச்சிளங்குழந்தைப் பிரிவில் தாதியாக என் வேலைக்காலத்தின் பெரும்பகுதி கழிந்தது. இன்று ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனை என்று பெயர் மாறிவிட்டாலும் எங்கள் வயதுக்காரர்களுக்கு அது பெரிய ஆஸ்பத்திரிதான். எட்டாம் மாசத்தில் பிறந்து, தேறி, வாய் நிறையப் பால் குடித்த பிள்ளைகளை அங்கே என் கையால் தாயிடம் தூக்கிக் கொடுத்திருக்கிறேன். அந்தத் தாய்மார் முதல் நாள் வாசலில் வந்து நின்ற கோலமும் நினைவிருக்கிறது. பிள்ளை உள்ளே உயிரோடு இருக்கும்போதே அதற்காக அழுது முடித்துவிட்ட முகங்கள் அவை.

டாக்டர் 32 வாரம் என்று எழுதுவார். தாய் விரல்விட்டு எண்ணி எட்டு மாசம் என்பாள். அதற்குப் பிறகு நாம் சொல்வது எதுவும் அவள் காதில் ஏறாது. வயிற்றில் கூடுதலாகத் தங்கும் ஒவ்வொரு வாரமும் நுரையீரலுக்கு ஆதாயம், 28 வாரத்தில் பிறந்ததைவிட 32 வாரத்தில் பிறந்ததற்கு வாய்ப்பு எவ்வளவோ அதிகம் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வேன். தலையாட்டுவாள். கிளம்பும்போது, “ஏழுலயே பொறந்திருக்கக் கூடாதா, மிஸி?” என்று கேட்பாள்.

பிள்ளைக்கு மூச்சுக் கருவியைப் பொருத்த ஆள் இருந்தது. அந்தக் கருவி என்ன செய்கிறது என்று தாய்க்குச் சொல்வது அந்தக் காலத்தில் எங்கள் பிரிவில் தனி வேலையாக இருந்ததில்லை. டாக்டர்கள் ஆங்கிலத்திலும் மலாயிலும் பேசினார்கள். தோட்டத்திலிருந்து வந்த பெண்கள் பலருக்கு இரண்டுமே கடைவீதி அளவுக்குத்தான். தமிழ் தெரிந்தவள் என்பதால் அந்த வேலை என் பக்கம் வந்தது. அதையும் சிகிச்சை என்றே எண்ணிச் செய்தேன். இன்றும் அந்த எண்ணத்தில் மாற்றமில்லை.

எனக்கு முன்னால் என் அம்மாவுக்கு ஒரு பிள்ளை பிறந்து ஒரு ராத்திரி இருந்திருக்கிறது. லயத்து வீட்டில், மருத்துவச்சி கையில் பிறந்த பிள்ளை. அம்மா அதைப் பற்றி அதிகம் பேசமாட்டார். பேசினால் ஒரே வரிதான்: “மொனகிக்கிட்டே இருந்துச்சு, விடியறப்ப நின்னுடுச்சு.” தோட்டத்து மருந்தகத்து டிரஸ்ஸர் வந்து பார்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது. காலையில் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக்குப் போகாத அந்த ஒரு நாளைக்குச் சம்பளம் இல்லை என்பதையும் அம்மா சேர்த்தே சொல்வார். 1957-இல் இந்த நாட்டில் உயிரோடு பிறந்த 1,000 குழந்தைகளில் ஏறத்தாழ 75 பேர் முதல் ஆண்டு நிறைவைக் காணவில்லை. அந்த 75 என்ற எண்ணைப் படிக்கும்போதெல்லாம் அதற்குள் எங்கள் வீட்டுப் பிள்ளையும் இருப்பதாகவே எனக்குத் தோன்றும்.

தாதிப் பயிற்சியில்தான் அந்த முனகலுக்குப் பொருள் தெரிந்தது. வயிற்றில் இருக்கும்வரை பிள்ளையின் நுரையீரலுக்குள் காற்று இல்லை, திரவம்தான். பிறந்ததும் அது வற்றி, கோடிக்கணக்கில் உள்ள சின்னஞ்சிறு காற்றுப் பைகள் விரிய வேண்டும். விரிந்த பை மூச்சு விடும்போது மறுபடி ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, அதன் உட்சுவரில் வழவழப்பான ஒரு பூச்சு தேவை. சர்ஃபாக்டன்ட் என்பது அதுதான். கருவின் ஆறாம் மாத வாக்கில் ஊறத் தொடங்கும் இந்தப் பொருள் போதிய அளவுக்குச் சேர 34, 35 வாரம் ஆகும். அதற்கு முன்னால் பிறந்த பிள்ளைக்கு ஒவ்வொரு மூச்சும் முதல் மூச்சுதான். அத்தனை பைகளையும் புதிதாகத் திறந்தாக வேண்டும். மூக்கு விடைக்கும், விலாவுக்கு இடையில் சதை உள்ளே இழுக்கும், நெஞ்சுக்குழி பள்ளமாகும். உள்ளே போன காற்று முழுவதும் வெளியேறிவிடாமல் தடுக்கப் பிள்ளை தானாகவே தொண்டையைப் பாதி மூடிக்கொண்டு மூச்சு விடும். அந்த ஓசைதான் முனகல். தன் நுரையீரலைத் திறந்து வைத்திருக்க அந்தச் சின்ன உயிர் நடத்தும் போராட்டம் அது. எங்கள் அண்ணன் விடியும்வரை போராடியிருக்கிறான். களைத்துப்போய் நிறுத்தியிருக்கிறான். பாடம் நடந்துகொண்டிருந்த வகுப்பில் எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

இதே முனகலைக் கேட்டுத்தான் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஜார்ஜ் கிரிகரி என்ற மயக்க மருத்துவர் ஒரு வழி கண்டார். பிள்ளை தொண்டையை மூடி உண்டாக்கும் அழுத்தத்தை நாமே வெளியிலிருந்து, இடைவிடாமல் கொடுத்தால் என்ன என்பது அவர் எண்ணம். 1971-இல் அவரும் உடன் உழைத்தவர்களும் வெளியிட்ட கட்டுரையில் 20 குழந்தைகளுக்கு அப்படிக் கொடுத்து 16 பேர் பிழைத்ததைச் சொன்னார்கள். உலகமெங்கும் குழந்தைப் பிரிவுகளில் சீபாப் என்று வழங்குவது இதைத்தான். இந்த வரலாற்றை நான் தாய்மாரிடமும் சொல்வதுண்டு. “உன் பிள்ளை தானா செய்யப் பார்த்ததைத்தான் இது செய்யுது, தங்கச்சி” என்று சொன்னால் அவர்களுக்குக் கருவி மேல் உள்ள பயம் கொஞ்சம் குறையும்.

சர்ஃபாக்டன்டை விளக்க ஐஸ் பொட்டலம் கைகொடுத்தது. கடையில் தே ஓ ஐஸ் கட்டித் தருகிற பிளாஸ்டிக் பை ஈரமாக இருந்தால் அதன் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டு திறக்காது. உள்ளே கொஞ்சம் சோப்புத் தண்ணீர் விட்டால் வழுக்கித் திறந்துகொள்ளும். இதைச் சொன்னால் எல்லோருக்கும் பிடிபடும்.

சர்ஃபாக்டன்ட் மருந்தாகக் கைக்கு வந்த காலம் எங்கள் பிரிவில் ஒரு திருப்பம். 1959-இல் மேரி எலன் ஏவரி என்ற அமெரிக்க மருத்துவர், குறைமாதக் குழந்தைகள் இறப்பது இந்தப் பூச்சு இல்லாததால்தான் என்று காட்டினார். ஆனால் கண்டதற்கும் கையில் மருந்து கிடைத்ததற்கும் இடையில் ஒரு தலைமுறை ஓடிவிட்டது. 1963 ஆகஸ்ட் மாதம் அமெரிக்க அதிபர் கென்னடிக்கு ஐந்தரை வாரம் முன்னதாக ஓர் ஆண் பிள்ளை பிறந்தது. எடை 2 கிலோவுக்கு மேல். இன்றைக்கு அந்த எடையில் ஒரு பிள்ளை வந்தால் நாங்கள் பெரிதாகக் கலங்கமாட்டோம். பாஸ்டனின் பெரிய மருத்துவர்கள் அத்தனை பேரும் கூடி நின்றும், இரண்டு நாளில் அந்தப் பிள்ளை இதே மூச்சுத் திணறலில் போய்விட்டது. 1980-இல் ஜப்பானில் ஃபுஜிவாரா என்ற மருத்துவர் மாட்டு நுரையீரலிலிருந்து எடுத்த பொருளைக் குழந்தைகளின் மூச்சுக்குழாய் வழியாக விட்டுப் பலன் கண்டார். 1991-இல் சர்வாண்டா என்ற மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதற்கடுத்த ஆண்டுகளில் பால்மரம் வெட்டுகிறவர்களின் பிள்ளைகளுக்கு, அரசாங்க ஆஸ்பத்திரியில், அந்த மருந்தை விட நான் துணை நின்றிருக்கிறேன். உலகத்தின் மிகப் பெரிய அதிபருடைய மகனுக்குக் கிடைக்காதது அது. ஒரு மணி நேரத்துக்கு முன்பு நீலம் பாரித்துக் கிடந்த பிள்ளை சிவக்கும். ஆக்சிஜனை டாக்டர் படிப்படியாகக் குறைப்பார். அந்தக் காட்சி எனக்கு ஒரு நாளும் பழகிப்போனதில்லை.

சர்வாண்டாவும் மாட்டு நுரையீரலிலிருந்து எடுப்பதுதான். குரோசர்ஃப் என்ற இன்னொன்று பன்றியிலிருந்து வருவது. பல மதத்தவர் வாழும் ஊரில் இது சின்ன விஷயம் இல்லை. நெற்றி நிறையத் திருநீறு பூசிய ஓர் இளம் தகப்பன் கையெழுத்துப் போடும் முன், “அது எதுலேர்ந்து செய்யறாங்க, அக்கா?” என்று கேட்டான். மறைக்காமல் சொன்னேன். பேனாவைப் பிடித்தபடி சிறிது நேரம் நின்றான். “பசு பால் குடுக்குது. இதையும் குடுக்குதுன்னு வெச்சுக்கறேன்” என்று கையெழுத்துப் போட்டான். சொல்லாமலே வாங்கியிருக்கலாமே என்று அப்போது ஒரு சக தாதி கேட்டாள். கூடாது. அவன் பிள்ளைக்குள் போவது எதுவென்று அறியும் உரிமை அவனுக்கு இருக்கிறது.

இதற்கெல்லாம் முன்னால், நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், தெற்கே ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் இருந்தேன். அங்கே குழந்தைகளுக்கு வெண்டிலேட்டர் கிடையாது. மூச்சுக்குக் கஷ்டப்படும் பிள்ளையை ஈப்போவுக்குத்தான் கொண்டுபோக வேண்டும். வடக்கு தெற்கு நெடுஞ்சாலை 1994-இல்தான் முழுமையாகத் திறந்தது. அதற்கு முன் பழைய சாலையில் பீடோர், தாப்பா, கம்பார், கோப்பெங் என்று ஊர் ஊராக நுழைந்து போக வேண்டும். ஆம்புலன்சில் ஒரு டாக்டரும் நானும். பிள்ளையின் வாயில் டியூப். அதன் முனையில் கைக்குள் அடங்கும் ஆம்பு பேக். அமுக்கு, விடு, அமுக்கு, விடு. நிமிடத்துக்கு நாற்பது முறைக்குக் குறையக் கூடாது. அதிகமாக அமுக்கினால் பிஞ்சு நுரையீரல் கிழிந்துவிடும். வளைவில் வண்டி சாயும்போது என் முழங்கையைத் தட்டில் ஊன்றிக்கொள்வேன். கம்பார் தாண்டும்போது விரல்கள் மரத்துப்போகும். அப்போது டாக்டர் வாங்கிக்கொள்வார். அந்தப் பயணங்களில் எங்களுக்குள் பேச்சே இருக்காது, உதடு எண்ணிக்கொண்டிருக்கும்.

தாயின் வயிற்றைவிட நல்ல வண்டி கிடையாது என்பதை அந்தச் சாலைதான் எனக்குப் படிப்பித்தது. பிரசவத்துக்கு முன்பே பெண்ணைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டால் பாதிக் கவலை போய்விடும். இன்னொரு லாபமும் உண்டு. நியூசிலாந்தில் லிகின்ஸ் என்பவர் ஆட்டுக்குட்டிகளிடம் கண்டு, 1972-இல் ஹோவி என்ற மருத்துவருடன் சேர்ந்து தாய்மாரிடம் உறுதிப்படுத்திய ஒன்று: குறைமாதத்தில் வலி கண்ட பெண்ணுக்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் வயிற்றுப் பிள்ளையின் நுரையீரல் சீக்கிரம் பக்குவப்படுகிறது. விலை குறைந்த ஊசிதான். ஆனால் அது வேலை செய்யச் சில மணி நேரமாவது, முடிந்தால் ஒரு நாள், அவகாசம் வேண்டும். எங்கள் பெண்களோ இடுப்பு வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டு காலை வெட்டை முடித்து, பாலை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு, மத்தியானம்தான் யாரிடமாவது சொல்வார்கள். ஒரு நாள் சம்பளம் போனால் அந்த வாரமே தடுமாறும் வீட்டில் வேறென்ன செய்வாள்? அவளை நான் குற்றம் சொல்லமாட்டேன். எனக்குக் கோபம் அந்தச் சம்பள முறை மேல்தான்.

ஆக்சிஜனைப் பற்றித்தான் அடிக்கடி வாதம் நடக்கும். இரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை விழுக்காடு என்று காட்டும் கருவியில் எண் 91, 92 என்று நிற்கும். பக்கத்துத் தொட்டிலில் நிறைமாதப் பிள்ளைக்கு 99. “எம்புள்ளைக்கு மட்டும் ஏன் கொறைச்சு வெக்கறீங்க? காசு கட்டணுமா?” என்று ஒரு தகப்பன் குரலை உயர்த்தினார். அவரை உட்காரவைத்து முழுக் கதையையும் சொன்னேன். 1940-களில் தொடங்கி அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஆக்சிஜன் நல்லதுதானே என்று குறைமாதப் பிள்ளைகளுக்கு அள்ளிக் கொடுத்தார்கள். பிள்ளைகள் பிழைத்தார்கள், ஆயிரக்கணக்கானவர்களுக்குக் கண் போயிற்று. முதிராத விழித்திரையில் இரத்தக் குழாய்கள் தாறுமாறாக வளர்ந்ததே காரணம். பாடகர் ஸ்டீவி வொண்டர் 1950-இல் பிறந்து கண்ணை இழந்தது இப்படித்தான். பிறகு பயந்துபோய் ஆக்சிஜனை ஒரேயடியாகக் குறைத்தார்கள். அப்போது சாவு கூடியது. 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பல நாடுகளில் நடந்த பெரிய ஆய்வுகளும், 80-களில் வைத்தால் இறப்பு கூடுகிறது, 90-க்கு மேலே வைத்தால் கண் பாதிப்பு கூடுகிறது என்றே காட்டின. அதனால்தான் 90-க்கும் 95-க்கும் நடுவில் பிடித்து நிறுத்தப் பார்க்கிறோம். கேட்டு முடித்த அந்த மனிதர் அடுத்த நாளிலிருந்து, எண் 97-ஐத் தொட்டால் தானே என்னைக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

எதைச் சொல்வது என்று நான் தவித்த ராத்திரியும் உண்டு.

தோட்டம் செம்பனைக்கு மாறி, லயங்களை இடித்து, ஈப்போவின் புந்தோங்குக்குக் குடிவந்த குடும்பம் அது. பிள்ளை 25 வாரம். உள்ளங்கையில் அடங்கும். வெண்டிலேட்டர் போட வேண்டும் என்றதும் தகப்பன் சுவரில் சாய்ந்துவிட்டான். அவனுடைய சித்தப்பாவுக்கு ஐ.சி.யூ.வில் மெஷின் போட்டார்கள். ஆள் திரும்பி வரவில்லை. எங்கள் மக்களிடம் அந்தச் சொல்லுக்கே சாவின் வாடை ஏறியிருந்தது. பெரியவர்களுக்குப் பெரும்பாலும் இருந்த நுரையீரல் கெட்டு மெஷின் போடுகிறார்கள், பிள்ளைக்கு நுரையீரல் வளர்ந்து முடிகிறவரை நாள் வாங்கிக் கொடுக்கப் போடுகிறோம் என்று சொன்னேன். எத்தனை நாள் என்று உறுதி சொல்ல முடியாது என்பதையும் சொன்னேன். சம்மதித்தார்கள்.

மூன்றாம் நாள் மூளையில் இரத்தக் கசிவு. இத்தனை சின்னப் பிள்ளைகளுக்கு முதல் மூன்று நாட்களில் வரக்கூடியது. விடிவதற்குச் சற்று முன் இதயம் நின்றது. டாக்டர் செய்ய வேண்டியதையெல்லாம் செய்துவிட்டு என்னைப் பார்த்தார். தாயைச் சக்கர நாற்காலியில் அழைத்து வந்தேன். வெண்டிலேட்டர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அவள் கண்ணாடி வழியாகப் பார்த்தாள்.

“நெஞ்சு ஏறி எறங்குதே, மிஸி. மூச்சு இருக்கே.”

அவளுக்கு என்ன சொல்வது? காற்றைத் தள்ளுவது மெஷின், தள்ளினால் நெஞ்சு ஏறும், இதயம் நின்றுவிட்டது என்று மெதுவாக, ஒவ்வொன்றாகச் சொன்னேன். இதயத் துடிப்புக் காட்டும் கோட்டைக் காட்டினேன். “அப்போ நீங்க கழட்டறதாலதான் போகப் போறானா?” என்றாள். “இல்ல தங்கச்சி. அவன் ஏற்கனவே போயிட்டான். கழட்டினாத்தான் நீ மடியில வெச்சுக்க முடியும்.” அதன் பிறகு அவளே தலையசைத்தாள். டியூப் எடுத்து, பிளாஸ்டர் ஒட்டிய கன்னத்தைத் துடைத்து, துணியில் சுற்றி அவளிடம் கொடுத்தேன். அதுவரை அவள் அந்தப் பிள்ளையின் முகத்தை முழுதாகப் பார்த்ததே இல்லை.

முதல் நாளே வெண்டிலேட்டர் என்பது என்னவென்று அவளுக்குப் புரியும்படி பேசியிருக்காவிட்டால், தன் பிள்ளையை நாங்கள் கொன்றோம் என்றே அவள் காலமெல்லாம் நினைத்திருப்பாள். வேறு இடங்களில் அப்படி நினைத்துக்கொண்டு வாழ்கிற தாய்மாரை எனக்குத் தெரியும்.

குமிழி சீபாப் பரவலாக வந்தபின் விளக்குவது எளிதாயிற்று. மூக்கில் இரண்டு சிறு குழல்கள். அதிலிருந்து போகும் குழாயின் மறுமுனை ஒரு போத்தல் தண்ணீருக்குள் ஐந்து சென்டிமீட்டர் மூழ்கியிருக்கும். எத்தனை சென்டிமீட்டர் மூழ்கியதோ அதுதான் நுரையீரலுக்குக் கிடைக்கும் அழுத்தம். தண்ணீரில் குமிழி வந்துகொண்டே இருந்தால் அழுத்தம் போகிறது என்று பொருள். கண்ணால் பார்க்கலாம், காதால் கேட்கலாம்.

அப்படிக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்த ஒரு பாட்டியை மறக்க முடியாது. ஆயுள் முழுக்கப் பால்மரம் வெட்டியவர். மருமகளுக்கு ஆபரேஷன் புண் ஆறாததால் இவர்தான் வந்துகொண்டிருந்தார். பேரன் 29 வாரம், ஒரு கிலோவுக்குச் சற்றே மேல். நான் விளக்கியதை வாய் திறக்காமல் கேட்டார். பிறகு, “தண்ணி கூடினா என்னாகும், தாயி?” என்று கேட்டாரே ஒரு கேள்வி! அனுபவமுள்ள தாதிகள் பார்க்க வேண்டிய விஷயம் அது. குழாயில் வரும் காற்று ஈரமானது. நீராவி குளிர்ந்து போத்தலில் சேர்ந்தால் மட்டம் உயரும், அழுத்தமும் கூடும், அதனால் அவ்வப்போது எடுத்துவிட வேண்டும். சொன்னேன். அன்றிலிருந்து போத்தலில் ஒட்டிய கோட்டின் மேல் ஒரு கண் வைத்துக்கொண்டார்.

ஒரு சாயங்காலம் நான் வேறொரு பிள்ளைக்கு இரத்தம் எடுத்துக்கொண்டிருந்தேன். “மிஸி, கொமிழி நின்னுபோச்சு!” என்று பாட்டியின் குரல். மானிட்டர் இன்னும் சத்தம் போடவில்லை, எண் 93. ஓடிப்போய்ப் பார்த்தால் பேரன் தலையைத் திருப்பியதில் குழல் மூக்கிலிருந்து நழுவியிருந்தது. சரிசெய்து, தொப்பியை இறுக்கி, வாய் திறக்காமல் இருக்க ஒரு சூப்பானை வைத்தேன். குமிழி மறுபடி கொதித்தது. எண் இறங்கிய பிறகுதான் கருவி கூவும். பாட்டி அதற்கும் முன்னால் கூவிவிட்டார்.

பையன் சாதாரணக் காற்றில் மூச்சுவிடத் தொடங்கிய வாரம், கோப்பெங் பக்கத்திலிருந்து ஒரு புதுத் தாய் வந்து சேர்ந்தாள். நான் அறிமுகம் செய்துகொண்டு விளக்கலாம் என்று கையைக் கழுவிக்கொண்டு போவதற்குள் பாட்டி அவள் பக்கத்தில் நின்றிருந்தார். “அது கரண்டு மெஷின் இல்லம்மா, பயப்படாத. தண்ணிதான். அஞ்சு சென்டிமீட்டர். இந்தக் கோட்டுக்கு மேல ஏறினா மிஸியக் கூப்பிடு. சத்தம் நின்னாலும் கூப்பிடு. எண்ணு 95-க்கு மேல போனா சந்தோசப்படாத, அதையும் சொல்லு, கண்ணுக்கு ஆவாது.” ஒரு பிழைகூட இல்லை. நான் அடுத்த தொட்டிலுக்குப் போனேன்.